கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த சுவிட்ச்

நான் வயர்மேன் வேலை பார்த்து ஓய்ந்தவன் என்று தெரிந்தால் போதும், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஷாக் அடிச்சிருக்கா?" என்பதுதான். அடிக்காமல் இருக்குமா? அதைக் கொஞ்சம் நடித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு டீ வாங்கித் தருகிறார்கள். நான் செய்த வேலையால் வேறு யாருக்காவது அடித்திருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போன மாதம் எங்கள் பக்கத்து வயர்மேன்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம், அதில் என் அனுபவத்தை எழுத வேண்டுமாம். "விபத்தே இல்லாத கைனு தலைப்புகூட வச்சாச்சுண்ணே, கீழ எழுதுறது மட்டுந்தான் பாக்கி" என்றார்கள். தலைப்பு தப்பு என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். விழாவில் சால்வை வேறு போடப்போகிறார்களாம். அந்தச் சால்வையை நினைத்தாலே கழுத்தெல்லாம் கூசுகிறது. அதனால் அவர்கள் கேட்டதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எனக்குத் தொழில் கொடுத்தவர் திருமயத்தில் இருந்த எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் அழகப்பன். நாங்கள் அவரை முதலாளி என்போம். அவரிடம் சேர்ந்த புதிதில் சுவரைக் கொத்தினேன், குழாய் பதித்தேன், ஏணி பிடித்தேன், திட்டு வாங்கினேன். அந்த வருஷங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. குடுமியான்மலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முழு வயரிங்கும் என் பொறுப்பில் விட்டார். கட்டுமாவடியில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு அனுப்பினார். அங்கே உப்புக்காற்று போன வருஷம் போட்ட கம்பியை இந்த வருஷம் பச்சையாகத் தின்று வைத்திருக்கும். இப்படித்தான் கை தேறியது.

முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. வேலை முடிந்தது என்று சொன்னால் வருவார். காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு, "காட்டு" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் வரிசையாகச் செய்து காட்ட வேண்டும். முதலில் டெஸ்ட் லாம்ப். நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதிலிருந்து இரண்டு வயர் நீட்டி வைத்திருப்போம். ஒரு முனையை மின்சாரம் வருகிற கம்பியில் வைத்து, மறுமுனையை எர்த் கம்பியில் வைத்தால் பல்பு கண் கூசுகிற மாதிரி எரிய வேண்டும். அப்படி எரிந்தால் எர்த் நன்றாக மண்ணைப் பிடித்திருக்கிறது, ஏதாவது கசிந்தால் மண்ணுக்குள் போய்விடும், ஃப்யூஸும் அறுந்துவிடும். பல்பு மங்கினால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம். அவர் பல்பைப் பார்க்க மாட்டார், பல்பைப் பார்க்கிற எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

அதற்குப் பிறகுதான் தொடுவது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அதில் நின்றுகொண்டு, இரும்பாக இருக்கிற எல்லாவற்றையும் புறங்கையால் தொட வேண்டும். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும். வேலை செய்தவன்தான் முதலில் தொட வேண்டும். வீட்டுக்காரர் தொடுவது அதற்குப் பிறகுதான். இது முதலாளியின் சட்டம்.

முதலாளிக்கு வயதாகி, கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு புதுக்கோட்டைக்குப் போன பிறகு நான் தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்தேன். பெயரும் வந்தது. பெயர் வந்த மனுஷனுக்கு வாய் கூடும் என்பார்களே, எனக்கு நடிப்பும் கூடிவிட்டது. அந்தத் தண்ணீர் ஊற்றித் தொடுகிற காரியத்தை வீட்டுக்காரர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே கொஞ்சம் தயங்கி, ஏதோ பாம்பைப் பிடிக்கப் போகிறவன் மாதிரித் தொடுவேன். டெஸ்ட் லாம்பை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஒரு மூலையில் குனிந்துகொண்டு செய்கிற வேலை அது.

இப்படி இருந்த காலத்தில்தான் முத்துராமன் கூப்பிட்டார். குவைத்தில் டிரைவர் வேலை. திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் பெரிய வீடு. கொல்லையில் மாடு இல்லாமல் கிடந்த கொட்டகையை இடித்துவிட்டு, இரும்புத் தூண் நட்டு, தகர ஷீட் போட்டு ஓர் அறை கட்டியிருந்தார். பிள்ளைகள் விளையாட. அதற்குள் பெரிய டிவி, வீடியோ கேம், கேரம் போர்டு, சுவரில் குறி பார்த்து ஊசி எறிய ஒரு தட்டு. டிவி திருடு போய்விடக் கூடாது என்று முன்பக்கம் முழுக்க இரும்புக் கம்பிக் கதவு. அதற்குப் பூட்டு, மேலே கேமரா, ஆள் நடமாடினால் எரிகிற விளக்கு. ஊரில் பாதி வீட்டுக்கு அப்போது கதவே சரியாக மூடாது.

அவர் லீவு முடிந்து கிளம்புவதற்குள் வேலை முடிய வேண்டும். அவசரம் அவருக்கு, பெருமை எனக்கு.

மெயின் சுவிட்சை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. தனிக் கட்டடம் என்றால் சுவிட்ச் வெளியே, கதவுக்குப் பக்கத்தில், மழை படாமல் ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். எனக்குத் தெரியாததா. ஆனால் முத்துராமன், வெளியில் வைத்தால் தெருப் பிள்ளைகள் விளையாட்டுக்கு அணைத்துவிட்டு ஓடுவார்கள், கேமராவும் அணைந்துவிடும், பிறகு பாதுகாப்பு எதற்கு என்றார். பூட்டுக்கு உள்ளே வைக்கச் சொன்னார். அப்போது அவர் மனைவி அமுதா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"சுச்சு வெளியில இருக்கட்டும்ணே. தெனம் தெறக்கப் போறது நான்தான. அவுக அங்கிட்டுப் போயிருவாக."

நான் முத்துராமனைப் பார்த்தேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, "ஒரு கேரம் போர்டுக்கு இம்புட்டு யோசனையா தங்கச்சி" என்றேன். அமுதா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுவிட்சை உள்ளேயே வைத்தேன், கம்பிக் கதவிலிருந்து கை எட்டாத தூரத்தில். சிவப்பு விளக்கு எரிகிற அழகான சுவிட்ச்.

அடுத்தது எர்த். ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்ற வேண்டும். திருமயம் பக்கம் கடப்பாரையைப் போட்டால் முழங்கால் ஆழத்தில் பாறை சத்தம் கேட்கும். அதனால் நாங்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறோம். தண்ணீருக்குப் போர் போட்ட வீடு என்றால், தரைக்கு மேலே தெரிகிற இரும்புக் குழாயில் எர்த் கம்பியை முறுக்கி விடுவோம். குழாய் பூமிக்குள் வெகு ஆழம் போகிறதே, அதைவிட நல்ல எர்த் உண்டா என்பது எங்கள் கணக்கு. நான் எத்தனையோ வீட்டில் அப்படிக் கட்டி, லாம்ப் வைத்துப் பார்த்து, சரியாகவே இருந்திருக்கிறது. இங்கேயும் கட்டினேன். கதவு இரும்பு என்பதால், அதற்கும் பாதுகாப்பாக ஓர் எர்த் கம்பி இழுத்தேன்.

திறப்பு அன்று காலையில் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். எமகண்டம் பிறப்பதற்குள் விளக்கைப் போட்டுப் பால் காய்ச்ச வேண்டும். நான் கேமராவை மாட்டிக்கொண்டிருந்ததில் நேரம் ஓடிவிட்டது. பெரியவர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி, "தம்பி, முடிச்சிருங்க" என்று அவசரப்படுத்தினார். லாம்ப் பையில் இருந்தது. எடுத்து வைத்துப் பார்க்க ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகாது. பால் காய்ச்சியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் கூட்டம் நிற்கிறதே, அந்தத் தண்ணீர் வித்தையை மட்டும் விடவில்லை. சொம்பில் தண்ணீர் வாங்கி ஊற்றி, செருப்பைக் கழற்றி, கதவைப் புறங்கையால் தொட்டேன். "கட்டுனவந்தான் முதல்ல தொடணும், அதுதான் எங்க தொழில் மொற" என்று சத்தமாகச் சொல்லவும் செய்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு பாயசம், சாப்பாடு, வெற்றிலை. லாம்பைப் பையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கேயும் கசிவு இல்லாத அன்று தொட்டால் எதுவும் தெரியாது. இது முதல் வருஷம் ஏணி பிடிக்கிறவனுக்கே தெரியும்.

பிள்ளைகள் அந்த அறையில் விளையாடியதைவிட அமுதா விளையாடியதுதான் அதிகம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டுச் சரசுவும் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் கேரம் ஆடுவார்களாம். அமுதா அடித்தால் காய் தப்பாதாம். வெயிலுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்று வீட்டிலிருந்த பழைய ஃப்ரிட்ஜை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதில் எங்கோ உள்ளே வயர் தேய்ந்து, கரண்ட் ஃப்ரிட்ஜின் இரும்பு உடம்புக்கு வந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் அந்த நிமிஷமே ஃப்யூஸ் போயிருக்கும். இப்போது புது வீடுகளில் மாட்டுகிற, கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ட்ரிப் சுவிட்ச் அன்று எங்கள் பக்கத்தில் அநேக வீடுகளில் கிடையாது. மண்ணுக்குப் போக வழியில்லாத கரண்ட், எர்த் கம்பி வழியாகவே ஓடி, அந்தக் கம்பி எதையெல்லாம் தொட்டதோ அதற்கெல்லாம் போனது. காப்பாற்ற நான் இழுத்த கம்பிதான் கரண்டைக் கதவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அன்று விடிய மழை பெய்திருந்தது. அமுதா வெறுங்காலோடு போய்ப் பூட்டைப் பிடித்தாள். உள்ளங்கையால்.

எனக்கு மத்தியானம்தான் போன் வந்தது. நான் போனபோது அவளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கொல்லையில் தெருவே நின்றது. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை, வழிவிட்டார்கள். சரசுதான் உலக்கையால் அமுதாவின் கையை அடித்து விடுவித்தவள். அந்த உலக்கை இன்னும் தரையில் கிடந்தது. அவள் என்னைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினாள்.

"சுச்சு அங்கிட்டு இருந்துச்சுண்ணே. செவப்பு லைட்டு எரியுறது கண்ணுக்குத் தெரியுது. கம்பிக்குள்ள கைய விட்டு எட்ட முடியல. வீட்டச் சுத்தி முன்னாடி ஓடி மெயினை அமத்தலாம்னா, அதுக்குள்ள உசுரு போயிரும்னு பட்டுச்சு. அடிச்சுப்புட்டேன். வெரலு ஒடஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

நான் குனிந்து அந்த உலக்கையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

முதலாளிக்கு யார் சொன்னார்களோ, மறுநாள் பஸ் பிடித்து வந்துவிட்டார். கைத்தடி ஊன்றி நடக்கிற வயது. கொல்லையில் பழைய வாளி ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போடச் சொல்லி உட்கார்ந்தார். "காட்டு" என்றார்.

நான் ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, அதே பையிலிருந்து லாம்பை எடுத்தேன். ஒரு முனையைக் கரண்டில் வைத்தேன், மறுமுனையை எர்த்தில் வைத்தேன். பல்பு எரியவில்லை. மங்கலாகக்கூட இல்லை. உள்ளே இருக்கிற கம்பி லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் எரிய வேண்டிய பல்பு எரியவில்லை என்பது தெரியாமல் இருக்குமா? முதலாளி வழக்கம்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது அந்த ஒரு முறைதான்.

போர்க் குழாயைச் சுற்றி இருந்த சிமெண்டை உடைத்துப் பார்த்தோம். மேலே மோட்டாரைத் தாங்குவதற்காக ஒரு முழம் இரும்புக் குழாய். அதற்குக் கீழே முழுக்கப் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் குழாய் இறக்குகிற போர் லாரிகள் வந்து வெகு காலம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியும். கீழே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

முத்துராமன் குவைத்திலிருந்து போனில் இருந்தார். முதலாளி போனை வாங்கினார். நான் நினைத்தேன், என்னைப் பற்றி இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லப்போகிறார் என்று. அவர் சொன்னது இதுதான்: "தப்பு எங்க பக்கம் தம்பி. எங்க வேலை சரியில்ல."

எங்க வேலையாம். கடையை மூடிப் பல வருஷம் ஆன மனுஷன். அந்த வீட்டில் ஓர் ஆணி அடித்தவர் இல்லை. இவன் பண்ணிய தப்பு என்று என்னைக் கைகாட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "சுச்சை வெளிய வை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டார். அடுத்த வருஷம் அவர் காலமானார். இது சம்பந்தமாக எங்களுக்குள் வேறு பேச்சே நடக்கவில்லை.

அந்த அறைக்குப் போகிற கரண்டை அப்போது மொத்தமாக அறுத்துவிட்டுத்தான் வந்தேன். வேறு வயர்மேன் யாரையாவது வைத்துக்கொள்ளச் சொன்னேன். அமுதாவை ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்தேன். வலது கை முழுக்கக் கட்டு. "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா" என்றாள். நான் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடியே வெளியே வந்துவிட்டேன். சுவிட்சைப் பற்றி அவள் சொன்னதை அவள் ஞாபகப்படுத்துவாள் என்று பயந்தேன். அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊருக்கே போகவில்லை. அந்த வழியாகப் பஸ்ஸில் போனாலும் மறுபக்க ஜன்னலில்தான் உட்காருவேன். இவ்வளவு வயதான ஆள் இப்படி ஒளிகிறானே என்று எனக்கே கேவலமாக இருக்கும்.

வேலையை மட்டும் விடவில்லை. கடைசி நாள்வரை லாம்ப் வைக்காமல் ஒரு வீட்டையும் ஒப்படைத்ததில்லை. அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் "விபத்தே இல்லாத கை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மலருக்குக் கேட்டுவிட்டுப் போன அதே வாரம் அமுதாவிடமிருந்து போன் வந்தது. குரலை வைத்தே தெரிந்துவிட்டது. அந்த அறை இத்தனை காலம் பூட்டியே கிடந்ததாம். பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம், புதிதாக வயரிங் செய்ய வேண்டுமாம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், நல்ல ஆளாக அனுப்புகிறேன் என்றேன்.

"வேற ஆளு வேணாம்ணே. கட்டுனவந்தான் முதல்ல தொடணும்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. எனக்கு முன்னாடி ஒருக்கா நீங்க தொட்டீங்க, அது கணக்குல வராது. இப்ப வந்து தொடுங்க."

போனை வைத்துவிட்டு, லாம்ப் இருந்த பையைத் தேடி எடுத்துத் தூசி தட்டினேன். மறுநாள் போனேன்.

பாறையைத் துளைக்கிற மெஷின் வரவழைத்துக் குழி போட்டோம். உப்பும் கரியும் என் கையாலேயே கொட்டினேன். ட்ரிப் சுவிட்ச் மாட்டினேன். மெயின் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தேன், அமுதாவின் கை எட்டுகிற உயரம் எது என்று அவளிடமே கேட்டு. அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். நடு இரண்டு விரலும் மடங்குவதில்லை. இடது கையால்தான் இப்போது ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறாள். சரசு பக்கத்தில் நின்று, இடது கையிலும் காய் தப்பாது என்றாள்.

லாம்பை எடுத்தபோது அமுதா ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு இத எடுக்கவே இல்லையேண்ணே" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். இல்லை தங்கச்சி, எடுக்கவில்லை என்றேன். அந்தப் பதிலை இத்தனை வருஷம் கழித்துத்தான் அவளிடம் சொல்ல முடிந்தது. பல்பு கண் கூச எரிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாளா, பல்பைப் பார்த்தாளா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தொடுவது ஒன்றுதான் மிச்சம். சொம்பில் தண்ணீர் கேட்டேன். செருப்பைக் கழற்றி, ஈரத்தில் நின்றேன். இந்த முறை நடிப்பு எதுவும் இல்லை. புறங்கையைக் கதவுப் பக்கம் கொண்டுபோனபோது, "இருங்கண்ணே" என்றாள் அமுதா. எழுந்து, புதுச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மடங்காத அந்த விரல்களைக் கைப்பிடியின் மேல் வைத்துக்கொண்டாள், ஏதாவது ஆனால் அந்த நொடியே அணைக்க.

"இப்பத் தொடுங்க. நான் இங்கன நிக்கிறேன்."